அந்த உம்மா கத்தி பிடித்ததால் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதும் வாசியுங்கள். வீட்டில் புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளைகள் இருந்தால், மருமகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தால், கட்டாயம் வாசியுங்கள்.

செப்டெம்பர் 7ஆம் திகதி இரவு சந்திர கிரகணம் வந்தது ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளெட் மொட்டைமாடியில் பிள்ளைகளோடு நின்று பார்த்தோம். அதே இரவு எங்கள் குடும்ப வொட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. கர்ப்பிணிப் பெண்கள் வெளியே வரக்கூடாதாம். கத்தி, கத்திரிக்கோல் தொடக்கூடாதாம். தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம், அண்ணத்தில் ஓட்டை விழுமாம். உங்களில் பலருக்கும் வந்திருக்கும். நான் வாசிக்காமல் விட்டுவிடுகிற மாதிரி அதையும் கேட்காமல் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

விட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அதே குரல் பதிவை கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையும் கேட்டிருக்கிறாள்.

நான் படிப்பிக்கும் மாணவி. பெயர் சொல்லமாட்டேன். அவளிடமும் அவள் உம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பிறக்கும்போதே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருந்த பிள்ளை. உதட்டை நன்றாகத் தைத்திருக்கிறார்கள், சின்னக் கோடு மட்டும்தான் தெரியும். பேச்சுத்தான் இன்னும் மூக்கால் வரும். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் சில காலமாக அவளை வாசிக்கக் கூப்பிடுவதில்லை. அது இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரகணம் முடிந்த அந்தக் கிழமை, பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கட உம்மா அண்டைக்கு கத்தி புடிச்சதாலயா எனக்கு இப்பிடி?"

அண்டைக்கு என்றால் என்றைக்கு என்று கேட்டேன். அவளுக்குத் திகதியே மனப்பாடம். 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் சூரியன் வளையம் மாதிரித் தெரிந்த அந்தப் பெரிய சூரிய கிரகணம். கொழும்பிலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. சரியாக ஜும்ஆ நேரம். ஆம்பிளைகள் பள்ளிக்குப் போயிருக்க, ஐந்து மாதக் கர்ப்பிணியான அவள் உம்மா பகல் சாப்பாட்டுக்கு இறைச்சி வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பிள்ளை ஜூன் மாதம் பிறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பதினைந்து வருடமாக அந்த வீட்டில் இதற்கு ஒரே காரணம்தான்: மருமகள் கிரகணத்தில் கத்தி பிடித்தாள்.

நான் விஞ்ஞான டீச்சர். ஆசிரியர் கலாசாலையில் முளைய விருத்தி பற்றிப் படித்து, சோதனையும் எழுதி, பாஸ் பண்ணி வந்தவள். அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்திலேயே "இல்லை மகள்" என்று சொன்னேன். ஆனால் "இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது, "அப்ப ஏன்?" என்று கேட்பாள். அதனால் கொப்பியின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ஒரு கணக்குச் செய்ய வைத்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஜூன் மாதம் பிறந்த பிள்ளை. பின்னால் எண்ணினால் 2009 செப்டெம்பர் நடுப்பகுதியில் கரு உருவாகியிருக்கும். மேலுதடு ஒன்று சேர்வது கருவின் 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையில். அண்ணம் ஏறக்குறைய 6ஆம் வாரத்தில் உருவாகத் தொடங்கி, 12ஆம் வாரத்துக்குள் மூடி முடிந்துவிடும். அப்படியானால் உதட்டின் வேலை நவம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிட்டது. அண்ணத்தின் வேலை டிசம்பர் நடுப்பகுதிக்குள் முடிந்துவிட்டது. கிரகணம் வந்தது ஜனவரி 15.

அந்த உம்மா கத்தியைக் கையில் எடுத்தபோது, பிள்ளையின் உதடும் அண்ணமும் சேர்ந்ததோ சேரவில்லையோ, அது முடிந்துபோன விடயம். ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்தது. அந்த நேரம் வயிற்றுக்குள் பிள்ளை வாயைத் திறந்து மூடி, சுற்றியிருக்கும் நீரை விழுங்கிக்கொண்டு இருந்திருப்பாள்.

பிள்ளை இரண்டு தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கொப்பியை மூடிக்கொண்டு கேட்டாள்: "அப்ப ஏன் டீச்சர் சேரல்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் உலகத்தில் பல ஆய்வுகூடங்களில் பல வருடங்களாகச் சுண்டெலி முளையங்களை வைத்து விடை தேடுகிறார்கள். ஏன் சுண்டெலி? அதன் அண்ணமும் எங்களுடைய அண்ணமும் ஏறக்குறைய ஒரே முறையில்தான் உருவாகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பரம்பரை அலகுகளும் பெரும்பாலும் ஒன்றுதான். சுண்டெலி வயிற்றில் இருப்பது ஏறக்குறைய 20 நாள் மட்டுமே. எங்களுக்குக் கிழமைக் கணக்கில் நடப்பது அதற்கு நாள் கணக்கில் நடந்துவிடும்.

நடப்பது இதுதான். சுண்டெலிக் கருவின் 11ஆம், 12ஆம் நாளில் மேல்தாடையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டுகள் முளைக்கும். நாக்கு நடுவில் இருப்பதால், அவை நாக்கின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கித் தொங்கும். 14ஆம் நாளளவில் தாடை வளர்ந்து நாக்கு கீழே இறங்கும். உடனே அந்த இரண்டு தட்டுகளும் நிமிர்ந்து, நாக்குக்கு மேலே படுக்கையாக வந்து, நடுவில் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடத்தில் இரண்டின் தோலும் ஒட்டி, பிறகு அந்தத் தோல் மறைந்து, இரண்டும் ஒரே சதையாகிவிடும். அடுத்த ஓரிரு நாளில் வேலை முடிந்தது. மூக்கு வேறு, வாய் வேறு. எங்களுக்கும் இப்படித்தான். கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள், அண்ணத்தின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய கோடு தெரியும். இரண்டு பக்கமும் வந்து சேர்ந்த இடம் அது.

சரி, முளை, நிமிர், ஒட்டு என்று அந்தத் தட்டுகளுக்கு யார் சொல்வது? கலங்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்புகின்றன. எங்கள் ஊர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின் கதவில் நிற்பவர் சத்தம் கொடுத்தால்தான் ட்ரைவர் பஸ்ஸை எடுப்பார். இங்கே சத்தத்துக்குப் பதிலாகப் புரதம். தட்டின் உள்ளே இருக்கும் இழையம் எஃப்ஜிஎஃப் 10 என்ற புரதத்தை வெளிவிடும். மேலே போர்த்தியிருக்கும் மேலணி இழையம் அதை வாங்கி, பதிலுக்கு சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற இன்னொரு புரதத்தை உள்ளே அனுப்பும். அது வந்தால்தான் உள்ளே கலங்கள் பெருகி, தட்டு வளரும். (ஆமாம், பிள்ளைகள் விளையாடும் கேமில் வரும் அதே நீல முள்ளெலியின் பெயர்தான். இந்த வகை அலகு முதலில் பழ ஈயில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தேடி எடுத்த இருவருக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது.)

இந்த உரையாடலில் ஒரு குரல் நின்றால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 1994இல் எம்எஸ்எக்ஸ் 1 என்ற அலகு வேலை செய்யாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை அண்ணப் பிளவோடு பிறந்தன, பல்லும் சரியாக வளரவில்லை. 2000ஆம் ஆண்டில், நெதர்லாந்தில் அண்ணப் பிளவும் பிறவியிலேயே பல் குறைவும் சேர்ந்து இருந்த ஒரு குடும்பத்தில் இதே அலகில் மாற்றம் இருப்பது தெரியவந்தது. 1995இல் டிஜிஎஃப் பீட்டா 3 என்ற அலகை நிறுத்திப் பார்த்தார்கள். தட்டுகள் வளர்ந்தன, நிமிர்ந்தன, பக்கத்தில் வந்தன. ஆனால் ஒட்டவில்லை. அந்த ஒரு கடைசிச் செய்தி மட்டும் போகவில்லை.

அந்தச் சுண்டெலிக் குஞ்சுகள் ஒரு நாளைக்குள் இறந்துவிட்டன. பால் உறிஞ்ச முடியாது. அண்ணம் மூடாவிட்டால் வாயில் காற்று பிடித்து உறிஞ்சும் சக்தி வராது.

இதை வாசித்தபோது எனக்கு அந்த உம்மா ஞாபகம் வந்தார். அவருடைய பிள்ளையாலும் பால் உறிஞ்ச முடியவில்லை. குடித்தது மூக்கால் வந்தது. பாலைப் பீய்ச்சி எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டியிருக்கிறார். ஒரு நேரம் பால் கொடுக்க ஒரு மணித்தியாலம். அது முடிய அடுத்த நேரம் வந்துவிடும். இப்படி மாதக்கணக்காக இரவு பகலாக விழித்திருந்து அந்தப் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தவரைத்தான் பிள்ளையைக் கெடுத்தவர் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். பரம்பரை அலகு என்று நான் சொன்னவுடன் சில வீடுகளில் அடுத்த பேச்சு தொடங்கும்: "அப்ப யாருட பக்கத்து ரத்தம்?" கத்தியை விட்டுவிட்டு ரத்தத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எப்படியும் மருமகள் பக்கம்தான் வந்து நிற்கும்.

அப்படிச் சொல்ல விஞ்ஞானத்தில் இடமில்லை. ஒரே ஒரு அலகின் மாற்றத்தால் பிளவு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் குறைவு. பெரும்பாலான பிள்ளைகளில் பல அலகுகளின் சின்னச் சின்ன மாற்றங்களும் கர்ப்பகாலத்துச் சூழலும் சேர்ந்துதான் காரணம். அந்த அலகுகள் வாப்பாவிடமிருந்தும் வரும், உம்மாவிடமிருந்தும் வரும், புதிதாகவும் மாறும். ஒரு தனிப் பிள்ளையைக் காட்டி "இதனால்தான்" என்று வைத்தியரால்கூடப் பெரும்பாலும் சொல்லமுடியாது. உலகளவில் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று இப்படி. 1,400 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் இரண்டு பேர். பணக்கார வீட்டிலும் பிறக்கும், ஏழை வீட்டிலும் பிறக்கும்.

பெரியவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. எங்கள் உம்மம்மாவும் கிரகணத்தன்று கத்தியை ஒளித்து வைத்தவர்தான். கொட்டாஞ்சேனையில் தமிழ் வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு எல்லாவற்றிலும் இந்தப் பயம் ஏதோ ஒரு உருவத்தில் இருக்கிறது. பிள்ளை மேலுள்ள அன்பினால் வந்த பயம். ஆனால் முஸ்லிம்களாகிய எங்களுக்கு இதில் சாக்கு இல்லை. நபி (ஸல்) அவர்களின் சிறு மகன் இப்றாஹீம் வபாத்தான அன்றே சூரிய கிரகணம் வந்தது. அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். பிள்ளையை இழந்து நின்ற அந்த நேரத்திலும் அவர்கள் அதை மறுத்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கிரகணத் தொழுகையில் இந்த ஹதீஸை எத்தனை தடவை கேட்டிருப்போம். தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து கத்தியை ஒளித்து வைக்கிறோம்.

இதனால் என்ன நஷ்டம், பாவம் சும்மா ஒரு நம்பிக்கைதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயம்.

1980களின் நடுப்பகுதியில் லண்டனின் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் ஆஸ்பத்திரியிலிருந்து மைக்கேல் மார்ஸ் என்ற பல் சீரமைப்பு வைத்தியர் ஒரு குழுவோடு எங்கள் நாட்டுக்கு வந்தார். காலியைத் தளமாகக் கொண்டு, உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வந்தவர்களில் கைக்குழந்தைகள் மட்டும் இல்லை. ஒரு சத்திரசிகிச்சையும் செய்யாமலே வளர்ந்துவிட்ட பெரிய பிள்ளைகள், வாலிபர்கள், வயது வந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். மேல்நாட்டு வைத்தியர்கள் அப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் கண்டதே இல்லை. அங்கே குழந்தையிலேயே தைத்துவிடுவார்கள்.

அவர்களிடமிருந்து உலகம் இரண்டு பாடம் படித்தது. இரண்டும் 1990இல் வெளியான ஆய்வுகளில் இருக்கின்றன. முதலாவது: பிளவு உள்ளவர்களின் மேல்தாடை குட்டையாகிப் போவதற்குப் பிளவு மட்டுமே காரணம் இல்லை. தைக்காமலே வளர்ந்த எங்கள் ஆட்களின் தாடை நன்றாக வளர்ந்திருந்தது. வளர்ச்சியைத் தடுப்பதில் சத்திரசிகிச்சைத் தழும்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று விளங்கியது. இரண்டாவது, எனக்கு முக்கியமானது: அண்ணத்தைப் பிந்தித் தைத்த பிள்ளைகளுக்கு, தைத்த பிறகும் பேச்சுச் சரியாக வரவில்லை. ஓட்டை மூடியாயிற்று, ஆனால் நாக்கும் மூளையும் பழகிய பழக்கம் மாறவில்லை.

அதாவது தாடை காத்திருக்கும், பேச்சு காத்திருக்காது. அதனால்தான் இன்றைக்கு உதட்டை முதல் வருடத்துக்குள்ளும் அண்ணத்தை ஏறக்குறைய ஒன்றரை வயதுக்குள்ளும், பிள்ளை பேசப் பழகும்போதே, தைக்கப் பார்க்கிறார்கள்.

என் மாணவிக்கு அண்ணம் தைத்தது கிட்டத்தட்ட ஐந்து வயதில். ஏன் பிந்தியது? பணம் இல்லாமல் இல்லை. விருந்தாளிகள் வந்தால் பிள்ளையை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். கிரகண தோஷம் என்று தண்ணீர் ஓதி வாங்கப் போயிருக்கிறார்கள். கிளினிக் திகதிகள் தவறின. குற்றம் யாருடையது என்று வீட்டில் தீர்ப்பு வழங்கிய பிறகு மருந்தைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை. இன்றைக்கு அவள் வாசிக்காமல் தலை குனிவதில் அந்த வருடங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே, தெரிந்தவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

முதலில் உம்மாவிடம் "உங்களால் இல்லை" என்று சொல்லுங்கள். மாமி சொன்னால் இன்னும் நல்லது. வாப்பா எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும்.

பிறந்த ஆஸ்பத்திரியிலேயே பால் கொடுக்கும் முறையைக் கேட்டுப் படியுங்கள். பிறகு தாமதிக்காமல் சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கொழும்பில் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. கண்டிப் பக்கம் என்றால் பேராதனைப் பல் வைத்தியசாலை. கிளினிக் திகதியை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

காதைப் பரிசோதியுங்கள். அண்ணத்துத் தசைகள்தான் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாயைத் திறப்பவை. பிளவு இருந்தால் காதில் நீர் கட்டி, கேட்பது குறையலாம். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்?

பேச்சுச் சிகிச்சையை இரண்டு மூன்று தடவையோடு நிறுத்தாதீர்கள். தமிழில் செய்யக்கூடியவர்கள் குறைவு, அது உண்மை. கேட்டு வாங்குவோம். எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும்போது எல்லோரும் டொக்டர் கனவு மட்டும் காண்கிறார்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், ராகமையில், பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழ் பேசும் ஒரு பிள்ளை அதைப் படித்து வந்தால் எத்தனை குடும்பத்துக்கு உதவி.

கலியாணம் முடித்தவர்களுக்கு: மாதவிடாய் தள்ளிப்போய், சோதித்து, உறுதிப்படுத்தி, கிளினிக்குக்குப் போகும்போது உதட்டின் வேலை பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே கவனம் அதற்கு முன்பே வேண்டும். எம்.ஓ.எச். கிளினிக்கில் போலிக் அமில மாத்திரை இலவசமாகத் தருவார்கள். உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸிடம் கேளுங்கள். முள்ளந்தண்டு, மூளைக் குறைபாடுகளைத் தடுக்க அது மிக முக்கியம், பிளவுக்கும் ஓரளவு பாதுகாப்பாக இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சீனி வியாதி இருந்தால் முதலில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். வலிப்புக்கான சில மருந்துகள் ஆபத்தைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்தாமல், பிள்ளை பெற முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். வீட்டு ஆம்பிளைகளே, சிகரட் புகையும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. கத்தியை ஒளித்து வைப்பதைவிட அதை ஒளித்து வைப்பது நல்லது.

கடைசியாக மத்ரஸா ஆசிரியர்களுக்கும் என்னைப் போன்ற டீச்சர்மாருக்கும். காஃபும் கஃபும் நாக்கின் அடி மேலண்ணத்தைத் தொட்டுப் பிறக்கும் எழுத்துகள் என்று தஜ்வீதில் படிப்பிக்கிறோம். தமிழிலும் எழுத்துப் பிறக்கும் இடங்களில் அண்ணத்தையும் ஒன்றாகத் தொல்காப்பியர் சேர்த்திருக்கிறார். அண்ணம் மூடாத பிள்ளைக்கு "பால்" என்றால் "மால்" என்று வரும், காற்று மூக்கால் போய்விடும். அது கவனக்குறைவு இல்லை, சோம்பல் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அடிக்காதீர்கள், மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள். அதேநேரம், நான் செய்த மாதிரி வாசிக்கக் கூப்பிடாமலும் விடாதீர்கள்.

போன கிழமை அவளைக் கூப்பிட்டேன். மூன்று வரி வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். வகுப்பு அமைதியாக இருந்தது. முடிய, "இருங்க மகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை எழுப்பினேன், எல்லோருக்கும் செய்வது மாதிரி.

கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிய அந்தக் கணக்கை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். உம்மா எனக்கு கோல் எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டீச்சர், அந்தத் தாளை எங்கட மாமிக்கும் காட்டட்டுமா?" என்று கேட்டார்.

காட்டுங்கள் என்றேன்.

மறுபடியும் ஒரு கிரகணம் வரும். அந்தக் குரல் பதிவு மறுபடியும் வரும். இந்தத் தடவை அதை போர்வர்ட் பண்ணாமல், அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒரு பிள்ளையும் இருக்கலாம்.